பூச்சியத்தில் ஒரு டப்

"பெரிசா ஒண்டுமில்லை,
ரெண்டு சத்தம் வருது, ஒரு பொத்தான்.
ஒருக்கா அமத்தினால் விசில்,
திருப்பி அமத்தினால் பதிஞ்ச சொல்லு"
என்றாள் நிரோஜினி.
திருநெல்வேலியில், பலாலி வீதியோரம்,
மருந்துக்கடைக்கு மேலே
காது பார்க்கிற ஓர் அறை.
பழைய மெசினின் ஆளி தேய்ந்துவிட்டது.
புதுசு கொழும்புக்கு வரவே நாலு மாதமாம்.

கஸ்தூரியார் வீதியில் நாற்பது அறுபத்தாறு கேட்டேன்.
ரிமோட் திருத்துகிற பெடியன்
செத்த டெக் ஒன்றின் வயிற்றிலிருந்து
ஈயம் உருக்கி எடுத்துத் தந்தான்:
பதினாலு கால், உள்ளே நாலு கதவு,
காசு வேண்டாம் அண்ணை, ஓடினால் தாங்கோ.

முதல் சிக்கல் பொத்தானில்.
விரல் ஒருதரம்தான் அமத்துகிறது.
உள்ளே தகடு தொட்டு, விலகி, தொட்டு, விலகி,
ஏழெட்டுத் தரம் யோசித்த பிறகுதான் ஓம் என்கிறது.
எழு-விழு சுற்றோ யார் சொன்னாலும் நம்பும்:
விசில் சொல் விசில் சொல் விசில்.
அந்த ஒரு ஓமை உறுதிப்படுத்த
பத்தாயிரம் ஓம் தேவைப்பட்டது,
கூடவே ஒரு சின்னக் கொள்ளளவி.

பிறகு கரண்ட்.
போய்வந்தால் எந்தப் பக்கம் நின்றதென்று
சுற்றுக்கு நினைவிராது.
கண் விழித்தால் விசிலில் விழி என்று
ஒரு கம்பி கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை கொண்டுபோனேன்,
பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எல்லாம்.
கபிஷாவுக்கு ஐந்து வயசு.
முதுகு காட்டி இருத்தியிருந்தார்கள்.
கேட்டால் கையை உயர்த்த வேண்டும்.
உயர்த்தினாள். விசிலுக்கு, சொல்லுக்கு,
மெல்லிய விசிலுக்கு, இன்னும் மெல்லியதற்கு.
"சும்மா பயப்படுத்திப்போட்டினம்"
தாய் லேஞ்சியால் முகம் துடைத்தாள்.
எனக்குக் கொஞ்சம் தலை பெருத்தது.

நிரோஜினி சிரிக்கவில்லை.
குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினாள்.
அமத்தினாள்.
கை உயர்ந்தது.
"உங்கட பெட்டி டப் எண்டுது.
பிள்ளை அதைத்தான் கேக்குது."

தொண்டைமானாற்றுக் கதவணையில் நின்றவருக்குத் தெரியும்,
இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல்,
மட்டம் ஒன்றில்லை.
பலகையைத் தூக்கின கையோடு
தண்ணீர் ஒரு அடி அடித்துத்தான் பாயும்.
என் விசிலும் சொல்லும் அப்படித்தான் நின்றன,
ஒன்று மற்றதைவிட அரை வோல்ட் உயரத்தில்.
இரண்டு கரையிலும் இலட்சம் ஓம் வைத்து
மட்டத்தை வடியவிட்டேன்.
கதவையும் படக்கென்று திறக்காமல்
மெல்ல, ஒரு மூச்சின் நூறில் ஒரு பங்கில்.
பற்றாசுப் புகைக்கும் பயப்படாத நுளம்பு.
இரவு இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டி
அமத்தினேன்.
ஒன்றுமில்லை.
இவ்வளவு சுத்தமான ஒன்றுமில்லையை
நான் முன்னம் செய்ததில்லை.
தனியே இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

திங்கள், அதே கதிரை.
விசில் போனது, மீற்றரில் ஊசி ஆடியது.
கை மடியில் கிடந்தது.
சொல் போனது: பந்து. பூனை. அம்மா.
கை மடியில்.
தாய் திரும்பி என்னைப் பார்த்தாள்,
சனிக்கிழமை தந்ததைப்
பறித்துக்கொண்டு போகிறவனைப் பார்ப்பதுபோல.
நான் மேசையில் கிடந்த திருகாணிகளை எண்ணினேன்.

நிரோஜினி தாளில் புள்ளி வைத்துக்கொண்டு
கீழே கீழே போனாள்.
தொண்ணூறில் ஒரு விரல் அசைந்தது.
கையில்லை, விரல்.
"இதுதான் அவளின்ர கணக்கு" என்றாள்.
"இனித் தொடங்கலாம்."

வெளிக்கிட முன்னம் கபிஷா
பெட்டியை எட்டிப் பிடித்துப்
பொத்தானை அமத்தினாள். திருப்பி. திருப்பி.
பச்சை. சிவப்பு. பச்சை.
ஒரு அமத்தலுக்கு ஒரு தரம்தான் மாறியது.
நின்று பார்த்தேன்,
அதில் பிழையில்லை.